பூண்டு வாசம் அடிப்பதெல்லாம் பூண்டு இல்லை: வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைக்கும் கீரைகளை அடையாளம் காண்பது

தாம்பரம் பக்கம் புதுவீடு, பின்னால் ஒன்றரை சென்ட் காலி மண், ஐப்பசி மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்குப் பச்சை. "இதில் பாதி கீரைதான், பிடுங்கிப் போடாதே" என்கிறார் மாமியார். எது என்று காட்டச் சொன்னால் ஊரில் வேறு மாதிரி இருக்கும் என்று அவரும் தயங்குகிறார். போதாததற்குச் சுவரோரம் போனால் எங்கிருந்தோ பூண்டு வாசம். எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது, அந்த வாசம் எந்தச் செடியிலிருந்து வருகிறது? இவைதான் உங்கள் கேள்விகள். பூண்டிலிருந்தே தொடங்குகிறேன். ஏமாற்றமும் ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

முதலில் ஒரு விசாரணை. சமீபத்தில் யாராவது வேப்பம்புண்ணாக்கு போட்டார்களா? வேப்பெண்ணெயிலும் புண்ணாக்கிலும் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால், மழை ஈரத்தில் அது நன்றாக ஊறினால் கெட்டுப்போன பூண்டு மாதிரியே வாசம் கிளம்பும். இல்லையென்றால் சமையலறைக் கழிவைக் கொட்டும் மூலையைப் பாருங்கள். முளைவிட்டுத் தூக்கிப்போட்ட பூண்டுப் பல் அங்கே தட்டையான, நடுவில் மடிந்த இலைகளோடு நின்றுகொண்டிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால்தான் செடியைத் தேட வேண்டும்.

ஒரு விஷயம் இங்கே முக்கியம். பூண்டு, வெங்காயக் குடும்பத்துச் செடிகள் சும்மா நிற்கும்போது பெரிதாக மணப்பதில்லை. ஒரு பல்லை உரிக்காமல் மூக்கில் வைத்துப் பாருங்கள், அநேகமாக ஒன்றுமே தெரியாது. அல்லின் என்ற சேர்மமும் அதை உடைக்கிற நொதியும் செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன, அல்லிசின் பிறக்கிறது, வாசம் கிளம்புகிறது. ஆகவே தூரத்தில் நின்று மோந்து பார்த்துப் பயனில்லை. சந்தேகப்படுகிற ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர வேண்டும்.

அப்படி முகரும்போதுதான் நான் ஒருமுறை முட்டாளானேன். மாடித்தோட்டத்துக்காக ஒரு நர்சரியில் சைவ்ஸ் நாற்றுத் தட்டு வாங்கி வந்தேன். பூண்டு வாசமுள்ள, தட்டை இலைச் சைவ்ஸ். ஆம்லெட்டில் கிள்ளிப்போட வசதியான செடி. இரண்டு மாதம் கழித்துத் தொட்டியில் சில இலைகள் மட்டும் கொஞ்சம் பளபளப்பாக, தடிமனாக இருந்தன. கசக்கினேன், பூண்டு வாசம் வந்தது. சரி, முற்றியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் அந்தக் கொத்திலிருந்து ஒரு தண்டு எழும்பி, உச்சியில் ஒரே ஒரு ரோஸ் நிறப் பூவை விரித்தது. மழை லில்லி! அப்புறம் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்த இலையை மட்டும் கிள்ளி முகர்ந்தேன். வெறும் பச்சைப்புல் வாசம். முந்தின தடவை மணந்தது என் விரல்தான், இலை இல்லை. அதற்கு முன் நான் தொட்டது நிஜமான சைவ்ஸ்.

மழை லில்லியின் குமிழிலும் இலையிலும் லைகோரின் உள்ளிட்ட நச்சுகள் உண்டு. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. இதைச் சொல்லக் காரணம், வாசச் சோதனையை எந்தப் பக்கம் நம்ப வேண்டும் என்பதுதான். வெங்காயம் மாதிரி தெரிகிற செடியில் வெங்காய வாசமோ பூண்டு வாசமோ இல்லையென்றால் அது நிச்சயமாக வேண்டாம். வாசம் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் வாயில் போடவும் கூடாது. ஒவ்வொரு இலைக்கு முன்பும் கையைக் கழுவுங்கள். பூவையும் பாருங்கள். இந்தப் பூண்டு வாசச் சைவ்ஸில் தண்டின் உச்சியில் சின்னச்சின்ன வெள்ளைப் பூக்கள் குடை மாதிரிக் கூட்டமாக வரும். மழை லில்லியில் தண்டுக்கு ஒரு பூ. மண்ணைக் கிளறினால் மழை லில்லிக்கு உருண்டையான குட்டி வெங்காயம் இருக்கும். சைவ்ஸின் அடி ஒல்லியாக, வேர்க்கிழங்கோடு ஒட்டி நிற்கும்.

இதே சோதனையில் இன்னொன்றும் பிடிபடும், நரிவெங்காயம். காட்டு வெங்காயம் என்றும் சொல்வார்கள். மணற்பாங்கான நிலத்தில் தானாக வரும். பார்த்தால் கைக்கடக்கமான வெள்ளை வெங்காயம்தான், உரித்தாலும் அடுக்கடுக்காகத்தான் இருக்கும், ஆனால் வெங்காய வாசம் கிடையாது. இதயத் துடிப்பையே குழப்பிவிடும் கிளைக்கோசைடுகள் அதில் இருக்கின்றன. சித்த மருந்தில் சேர்க்கிறார்களே என்றால், அது சுத்தி செய்து, அளவு பார்த்துச் சேர்க்கிற சமாசாரம், குழம்பில் போடுகிற சமாசாரம் இல்லை. பொதுவாகவே, தோட்டத்தில் கிடைக்கிற இலையை அடையாளம் கண்டு தின்னுங்கள், கிழங்கைத் தோண்டித் தின்னாதீர்கள். கண்வலிக் கிழங்கு என்கிற செங்காந்தள் கிழங்கும் இந்த மண்ணில்தான் முளைக்கிறது.

சரி, சுவரோரம் என்றீர்களே, அது கொடியாக இருந்தால் பெரும்பாலும் பூண்டுக்கொடி. தென்னமெரிக்காவின் அமேசான் பக்கத்துச் செடி, அழகுக்காக இங்கே மதில்களில் ஏற்றி விடுகிறார்கள். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும், நடுவிலிருந்து பற்றுக்கம்பி நீளும். பூ முதலில் ஊதாவாக விரிந்து, நாளாக ஆக வெளுத்து, ஒரே கொத்தில் மூன்று நிறம் காட்டும். மோதிச் சென்றாலே மணக்கும், கசக்கினால் கேட்கவே வேண்டாம். அதன் சொந்த ஊரில் இலையைப் பூண்டுக்குப் பதிலாகச் சமையலில் போடுகிறார்கள். நம் வீட்டில் வளர்வது பெரும்பாலும் நர்சரியில் மருந்தடித்து வந்த செடி. நான் சமையலுக்கு எடுப்பதில்லை, பூவுக்காக வைத்திருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு மாதிரி குளிர்ந்த ஊர்களில் என்றால் புல் மாதிரி இலையும் இளம் ஊதாப் பூங்கொத்துமாக சொசைட்டி கார்லிக் என்று ஒன்று பாத்தி ஓரங்களில் நிற்கும். தென்னாப்பிரிக்கச் செடி, அதன் இலையையும் பூவையும் தின்னலாம். தாம்பரம் வெயிலில் நீங்கள் நடாமல் அது தானாக வந்திருக்க வாய்ப்பில்லை.

கொடியும் இல்லை, புல்லும் இல்லை, இடுப்பளவுச் செடிதான் என்றால் எனக்கு முதலில் வேளை மீதுதான் சந்தேகம் வரும். நல்லவேளை, தைவேளை என்பார்கள். இலையைக் கசக்கினால் கடுகும் பூண்டும் சேர்ந்து அரைத்த மாதிரி மூக்கில் ஏறும். கடுகு, முருங்கை வேர் காரத்துக்குக் காரணமான அதே வகைச் சேர்மங்கள்தான் இதிலும். விரித்த கைவிரல் போல ஐந்து சிற்றிலை, சில சமயம் மூன்று. தண்டில் பிசுபிசுப்பான மயிர். பூ வெள்ளை, அதிலிருந்து பூனை மீசை மாதிரி ஊதா இழைகள் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மஞ்சள் பூவாக இருந்தால் அது நாய்வேளை. அதன் விதையை நாய்க்கடுகு என்று தாளிக்கச் சேர்ப்பதுண்டு, கீரையாக நான் எடுப்பதில்லை.

இந்த வெள்ளைப் பூ விவரத்தை நம் ஆட்கள் ரொம்பக் காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். புறநானூற்றின் 215ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன், எருக்குப்பைத் தெருவில் வளர்ந்த 'வேளை வெண்பூ'வைத் தயிரில் இட்டு ஆய்மகள் ஆக்கிய புளிங்கூழைப் பற்றிச் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் வருவது வேறு மாதிரி வேளை. பசியில் வாடிய குடும்பம் குப்பையில் முளைத்த வேளையைப் பறித்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கதவடைத்துத் தின்கிறது. ஒரே செடிதான், ஒரு வீட்டில் ருசிக்கு, இன்னொரு வீட்டில் வேறு வழியில்லாமல். கசப்பும் காரமும் உள்ள கீரை என்பதால் இளந்தளிரை மட்டும் கிள்ளி, வேகவைத்த நீரை ஊற்றிவிட்டு, தயிரோ புளியோ சேர்த்தால் நாக்கு ஒத்துக்கொள்ளும். தயிர் யோசனை பழையதுதான், மேலே பார்த்தீர்களே.

களை பிடுங்கும்போது மட்டும் வாசம் வருகிறது என்றால் தொட்டாற்சுருங்கி வேரையும் சந்தேகப்படலாம். வேரை விரலால் தொட்டாலே கந்தக வாசம் விடும், கண்ணாடியாலோ உலோகத்தாலோ தொட்டால் விடாது என்று 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பூண்டு என்று சொல்ல முடியாது, அதைவிட அநாகரிகமான வாசம்.

இனி உங்கள் மாமியார் சொன்ன பாதிக்கு வருவோம். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். மழைக்குப் பின் சென்னைப் புறநகரில் காலி மண்ணில் வருகிற கூட்டம் அநேகமாக ஒரே கூட்டம்தான், அதில் தின்னக்கூடியவை நிறைய. ஊரில் வேறு மாதிரி இருக்கும் என்று அவர் தயங்கியதும் சரிதான். மண்ணும் தண்ணீரும் மாறினால் ஒரே செடியின் இலை இரண்டு மடங்கு பெருக்கும், அல்லது குச்சியாகச் சிறுக்கும். இலை அளவை நம்பாமல், மாறாத இரண்டு மூன்று அடையாளங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பருப்புக்கீரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையோடு படரும் சிவந்த சதைத்தண்டு, கரண்டி வடிவில் தடித்த இலை, நுனியில் கொத்தாக நிற்கும். வெயில் ஏறும்போது ஐந்து இதழ் மஞ்சள் பூ விரியும். லேசான புளிப்பு. பாசிப்பருப்போடு வேகவைத்தால் குழந்தைகள்கூடச் சாப்பிடும். இலைக்கீரைகளில் ஒமேகா-3 கொழுப்பு அதிகம் உள்ளவற்றில் இது ஒன்று. இதே இடத்தில், இதே போலத் தரையோடு, இதே சிவப்புத் தண்டோடு சித்திரப்பாலாடை என்று ஒன்று படரும். தண்டை ஒடித்துப் பாருங்கள். பருப்புக்கீரையில் வெறும் தண்ணீர் கசியும், சித்திரப்பாலாடையில் வெள்ளைப் பால் வரும். பால் வந்தால் கூடையில் போடாதீர்கள். அம்மான் பச்சரிசியும் பால் வருகிற இனம்தான். அதை மருந்தாகச் சிலர் எடுப்பார்கள், அது வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

மூன்றாவதாக இந்தக் குழப்பத்தில் சேர்வது சாரணை. இதுவும் சதைப்பற்று, இதுவும் படர்வது. ஆனால் இலை வட்டம். ஒரு கணுவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். பூ மஞ்சள் இல்லை, இலைக்காம்பின் இடுக்கில் ஒளிந்துகொண்டிருக்கும் வெளிர் ரோஸ். குனிந்து விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். இளசாக இருக்கும்போது கீரைதான். முற்றியதைத் தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும். சாரணையையும் மூக்கிரட்டையையும் ஒன்றாகச் சொல்கிற ஊர்களும் உண்டு. மூக்கிரட்டைக்கு இலையின் அடிப்பக்கம் வெளுப்பு, காய் துணியில் ஒட்டிக்கொள்ளும், வேர் கிழங்கு மாதிரித் தடிமன்.

குப்பைக்கீரையும் முள்ளுக்கீரையும் சுலபம். முளைக்கீரையின் காட்டு உறவுகள். இலைக்காம்பு தண்டில் சேருமிடத்தில் சோடி முள் இருந்தால் முள்ளுக்கீரை, இல்லையென்றால் குப்பைக்கீரை. குப்பைக்கீரையின் இலை நுனியில் சின்ன வெட்டு இருக்கும். என்னைக் கேட்டால் கடையில் வாங்குகிற எந்தத் தண்டுக்கீரையைவிடவும் குப்பைக்கீரைக் கடைசலுக்கு ருசி அதிகம். எங்கள் பாட்டி களையெடுக்கப் போய்த் திரும்பும்போது மடியில் ஏழெட்டு வகை இருக்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, கொஞ்சம் பொன்னாங்கண்ணி, நாலு புளியாரை என்று எல்லாம் ஒரே சட்டியில் போய், பூண்டு தட்டிப்போட்டு, மத்தால் கடைந்து இறக்குவார். பெயர் கேட்டால் "கலவைக்கீரை" என்று முடித்துவிடுவார். அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை, கைக்குத் தெரிந்திருந்தது. நமக்குக் கை மறந்துவிட்டதால் பெயரையும் அடையாளத்தையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கவனமாக இருக்க வேண்டிய ஒரு சோடி மணத்தக்காளியும் ஊமத்தையும். பூத்துக் காய்த்த பிறகு சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். மணத்தக்காளிக்குச் சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், மிளகளவு காய் கொத்தாகத் தொங்கும். ஊமத்தைக்கு ஊதுகுழல் மாதிரி நீளப்பூ, முள் உருண்டைக் காய். பிரச்சினை நாற்றுப் பருவத்தில்தான். நாலு இலை விட்டிருக்கும்போது இரண்டும் மெத்தென்று, பச்சையாக, ஒன்றுபோலத் தெரியும். ஊமத்தை இலையைக் கசக்கினால் குமட்டுகிற வாடை. தவறித் தின்றால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, ஆள் தன்னிலை இழந்து உளறத் தொடங்கிவிடுவார், அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மணத்தக்காளியை அது பூக்கும் வரை தொடாதீர்கள். காயும் நன்றாகப் பழுத்ததுதான், பச்சைக்காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது.

மற்றவை சட்டென்று சொல்லிவிடலாம். பலூன் மாதிரி முப்பட்டைக் காயும், உள்ளே கறுப்பு விதையில் வெள்ளை இதயக் குறியும் உள்ள கொடி முடக்கத்தான், தோசைக்கு அரைக்கலாம். நீலநிற இரு இதழ்ப் பூவும் தண்டைச் சுற்றிய இலையுறையும் இருந்தால் கானாவாழை, தளிர் சமைக்கலாம். மூன்று இதயச் சிற்றிலையும் மஞ்சள் பூவும் புளியாரை, துவையலுக்குக் கொஞ்சமாக. கேரட் இலை மாதிரி வெட்டுப்பட்ட இலை தரையில் வட்டமாக விரிந்து, பின்னால் வெள்ளை மொட்டுமொட்டாகப் பூத்தால் பார்த்தீனியம். தின்பது இருக்கட்டும், வெறுங்கையால் பிடுங்கினாலே பலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் வரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆடு மாடு தின்றால் நாமும் தின்னலாம், தொடாததை நாமும் தொடக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆடு தொடாத ஆடாதொடை இருமலுக்கு மருந்து. ஆடு தின்னாது என்று பெயரிலேயே சொல்லும் ஆடுதின்னாப்பாளையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கிறது. ஆட்டின் வாய்க்கு ஒரே தீர்ப்புதான், நமக்கோ இரண்டு வேறு விடைகள். போனில் படமெடுத்துப் பெயர் சொல்லும் செயலிகளையும் இதே கணக்கில் வையுங்கள். என்னவாக இருக்கலாம் என்று யோசிக்கத் தொடங்க நல்ல உதவி, அதன் பேச்சை மட்டும் கேட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். நாக்கில் துளி வைத்துப் பார், எரியவில்லையென்றால் தின்னு என்கிற சோதனையும் வேண்டாம். மோசமான நஞ்சு பல நாக்கில் எரிவதே இல்லை.

அடையாளம் சரியாக இருந்தாலும் இடம் சரியாக இருக்க வேண்டும். புதுவீடு என்றீர்கள். கட்டும்போது பெயின்ட், சிமென்ட் கழிவு கொட்டிய மூலையிலும், செப்டிக் டேங்க் கசிகிற பக்கத்திலும், நாய் கால் தூக்குகிற சுவரோரத்திலும் கீரை எடுக்காதீர்கள். கீரை இனங்கள், குறிப்பாகக் குப்பைக்கீரை வகைகள், மண்ணில் உள்ள நைட்ரேட்டை இலையில் சேர்த்துவைக்கும். பக்கத்து மனைக்காரர் கிளைபோசேட் மாதிரி களைக்கொல்லி அடித்தாரா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். அடித்த மறுநாளும் இலை பச்சையாகத்தான் இருக்கும்.

பருப்புக்கீரை, புளியாரை, குப்பைக்கீரை மூன்றிலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர் வீட்டில் இருந்தால் அவருக்கு வேண்டாம். மற்றவர்களுக்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடைந்தால் போதும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று தினமும் கீரை தின்னத் தொடங்கினால் மருந்தின் அளவு குழம்பும், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். புதிதாக ஒரு கீரையைச் சேர்க்கும்போது அன்றைக்கு அது ஒன்று மட்டும், ஒரு கரண்டி அளவு. ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்று தெரியும். யாருக்காவது வாந்தியோ மயக்கமோ வந்தால் 108ஐ அழைத்துவிட்டு, தின்ற செடியை வேரோடு ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என்ன கீரை என்று டாக்டர் கேட்கும்போது பதில் கையில் இருக்க வேண்டும்.

இந்த வாரத்துக்கு பருப்புக்கீரையும் குப்பைக்கீரையும் போதும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய், பால் சோதனையும் முள் சோதனையும் அவர் கண்ணெதிரிலேயே செய்யுங்கள். ஊரில் அவர்கள் அதை என்ன பெயரில் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுவரோரத்துச் செடியை இப்போதே பிடுங்க வேண்டாம். கொடியா, நிமிர்ந்து நிற்கும் செடியா, ஓர் இலைக்கு எத்தனை சிற்றிலை என்று பார்த்துவைத்துவிட்டு விடுங்கள், பூக்கட்டும். வெள்ளைப் பூவும் ஊதா மீசையும் வந்தால் தயிர் வாங்கி வையுங்கள்.